குரோஷியாவில் 9 நாள்: டுப்ரோவ்னிக் வேண்டுமா, வேண்டாமா?

வைகைக்கரை:
செப்டம்பரில் அப்பா அம்மாவோடு குரோஷியா போகிறோம். ஸ்ப்ளிட்டில் இறங்கி மொத்தம் 9 நாள். அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம். டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவரைப் படத்தில் பார்த்ததிலிருந்து அங்கே போயே ஆகணும் என்கிறார் அம்மா. போய் வந்தவர்களோ கூட்டம், விலை, படிக்கட்டு என்று பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா, விடலாமா?

கட்டுமரம்:
விட்டுவிடுங்கள். ஸ்ப்ளிட்டிலேயே தங்குங்கள். டயோக்ளீஷியன் என்ற ரோமப் பேரரசர் கட்டிய 1,700 ஆண்டுப் பழைய அரண்மனைக்குள் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன, மாடியில் துணி காய்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. எதிரே ரீவா கடற்கரைச் சாலை சமதரை, அப்பா நிம்மதியாக நடக்கலாம். கப்பலில் 50 நிமிடம் போனால் பிராச் தீவு. டுப்ரோவ்னிக்கில் சுவர் மேல் ஏற மட்டும் ஆளுக்கு 35 யூரோவுக்குக் குறையாது, ஏறினால் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் படியும் வெயிலும்தான். அதோடு ஸ்ப்ளிட்டிலிருந்து 230 கிலோமீட்டர், ரயில் கிடையாது. பேருந்து நெயும் என்ற ஊர் வழியே போகும், அது போஸ்னியா, வேறு நாடு. உங்களுடையது ஒருமுறை நுழைவு விசா என்றால், ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லையைத் தாண்டியதும் அது முடிந்துவிடும்.

நெய்தல்:
விசா விஷயத்தில் நீங்கள் சொல்வது பழைய கதை, அண்ணா. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்துவிட்டார்கள். கடல் மேல் 2.4 கிலோமீட்டர். போஸ்னியாவைத் தொடாமலே டுப்ரோவ்னிக் போய்விடலாம். குரோஷியா ஷெங்கனில் சேர்ந்ததும் யூரோவுக்கு மாறியதும் 2023 ஜனவரி 1 அன்று. டிக்கெட் எடுக்கும்போது பாலம் வழியா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். கோடைக்காலத்தில் ஸ்ப்ளிட்டிலிருந்து கடல் வழியாகவும் கட்டமரான் படகு உண்டு.

சுவர் ஏறாவிட்டால் ஊரே இல்லையா? ஸர்ஜ் மலைக்குக் கேபிள் கார் இருக்கிறது. 400 மீட்டர் உயரத்திலிருந்து ஊர் முழுவதும் தெரியும், அப்பா மலை ஏறி நடக்க வேண்டாம். கூரை ஓடுகளைக் கவனியுங்கள். பளிச்சென்று புதிதாக இருப்பவற்றில் பெரும்பாலானவை யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த வீடுகளுக்கு மாற்றியவை. அதைப் பார்த்து நான் வெகுநேரம் பேசாமல் நின்றேன். அந்த ஊரைப் படம் எடுக்கும் இடம் என்று மட்டும் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

கட்டுமரம்:
பாலம் விஷயம் எனக்குத் தெரியாது, நான் போனது 2019இல். திருத்தியதற்கு நன்றி. ஆனால் கூட்டம்? ஜூலையில் பிரதான வீதியில் தோளோடு தோள் உரசித்தான் நடந்தோம். அம்மாவை ஓரமாக உட்கார வைக்க ஒரு நிழல் கிடைக்கவில்லை. வயதானவர்களை அப்படி அலைய விட்டது இன்றும் என் மனசில் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நெய்தல்:
அது ஜூலை. இவர்கள் போவது செப்டம்பர்: வெயில் தணியும், கடல் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு சொகுசுக் கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். பகலில் இறங்கும் கப்பல் பயணிகள் மாலையில் திரும்பிவிடுவார்கள். பழைய நகருக்குள் அறை எடுக்காதீர்கள், அங்கேதான் படிக்கட்டு. லபாத் பகுதியில் தங்குங்கள். கடலோரம் சமமான நடைபாதை, 6ஆம் எண் பேருந்து கோட்டை வாசலிலேயே இறக்கிவிடும்.

புளிக்குழம்பு:
சண்டைக்கு நடுவில் அம்மாவின் சாப்பாட்டை மறந்துவிட்டீர்களே! பிளித்வா கேளுங்கள்: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு, ஆலிவ் எண்ணெயில். மீனுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவது, தனியாகவும் தருவார்கள். ஸ்ப்ளிட் பக்கம் ஸோபார்னிக் என்று கீரை அடைத்த மெல்லிய ரொட்டி உண்டு, என் அம்மா மூன்று நாள் அதையே சாப்பிட்டார். கடற்கரைகள் பெரும்பாலும் கூழாங்கல், பாறையில் முள்ளெலி போன்ற கடல் உயிரி ஒட்டியிருக்கும். தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு கட்டாயம்.

கட்டுமரம்:
சரி, போகட்டும். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவாக மட்டும் வேண்டாம். போக வர எட்டு மணி நேரத்துக்கு மேல் பேருந்திலேயே போய்விடும். இதில் நான் மாற மாட்டேன்.

நெய்தல்:
அதில் எனக்கும் அதே கருத்துதான். குறைந்தது மூன்று இரவு.

வைகைக்கரை:
ஸ்ப்ளிட்டில் 5 இரவு, லபாத்தில் 3 இரவு. திரும்பும் விமானத்தை டுப்ரோவ்னிக்கிலிருந்தே பார்க்கிறேன், வந்த வழியே திரும்ப வேண்டாம் அல்லவா. அம்மாவிடம் கேபிள் கார் பற்றிச் சொன்னேன். "அப்பா மேலே இருந்து பார்க்கட்டும், நான் சுவர் ஏறுவேன்" என்கிறார். காலை எத்தனை மணிக்குச் சுவர் திறப்பார்கள், நெய்தல்?

நெய்தல்:
நான் போனபோது 8 மணி. திறக்கும்போதே ஏறிவிடச் சொல்லுங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும்.