பெயின்ட் அடித்த செங்கல் மேல் கல் பதித்தவர்கள் இருக்கிறீர்களா? (ஃபயர்பிளேஸ், அதாவது குளிர்காயும் சுவர் அடுப்பு அனுபவங்கள்)

ஸ்கார்பரோ அப்பா:

போன ஜனவரியில் ஒரு இரவு, பத்தரை மணி இருக்கும். மாடியில் படுத்துவிட்டோம். கீழே டொம் என்று ஒரு சத்தம். குளிரில் குழாய்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். ஃபயர்பிளேஸின் பெயின்ட் அடித்த செங்கல் மேல் அழகுக்காகக் கல் பதித்திருந்தோம். மூலையில் இருந்த கல் ஒன்று பெயர்ந்து கீழே மேடையில் கிடந்தது. என் சின்ன மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிர்காய உட்காரும் இடம் அது.

கல்லை எடுத்துத் திருப்பினேன். அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. கல்லின் முதுகில் கலவை நன்றாகத்தான் பிடித்திருந்தது. அந்தக் கலவையின் மேல் ஒரு தோல் மாதிரி பழைய பெயின்ட். நகத்தால் கீறினேன். முதலில் ஒரு பச்சை, அதற்குக் கீழே கிரீம், அதற்கும் கீழே வெள்ளை. சுவரில் அந்த இடம் மட்டும் கழுவிவிட்டது போலச் சிவப்புச் செங்கல். கல் கலவையை விடவில்லை, கலவை பெயின்டை விடவில்லை. பெயின்ட்தான் செங்கல்லை விட்டுவிட்டது.

வீடு 1972-இல் கட்டியது. கல் பதிக்கும் வேலைக்கு வந்தவரிடம் "பெயின்டைச் சுரண்ட வேண்டாமா?" என்று கேட்டேன். "இந்தக் கலவை எதிலும் பிடிக்கும்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டே நாளில் வேலையை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போனார். வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

எடிசன் மகள்:

அண்ணா, குழந்தை அந்த நேரத்தில் அங்கே இல்லையே, அதுவே பெரிய விஷயம்.

எங்கள் வீட்டில் கம்பி வலை எதுவும் அடிக்காமல் நேராகச் செங்கல் மேலேயே ஒட்டினோம். எட்டு வருஷமாகிறது, ஒரு கல்கூட அசையவில்லை. அப்பா அப்போது திருநெல்வேலியிலிருந்து ஆறு மாசம் வந்து தங்கியிருந்தார். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கல் இல்லம்மா, சிமென்ட்டை அச்சுல வார்த்துச் சாயம் போட்டிருக்கான்" என்றார். உடைந்த ஓரத்தைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம், சின்னச் சின்ன ஓட்டைகள்.

எனக்கு மறக்காதது இதுதான். முதல் வரிசை ஒட்டிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நன்றாக உட்கார்ந்திருந்த ஒரு கல்லைப் பிடுங்கினார். எனக்குப் பகீரென்றது. அதன் முதுகைத் திருப்பி என்னிடம் காட்டினார். நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கலவை படவே இல்லை. "பார்த்தியா, இங்க காத்துதான் இருக்கு." அதன்பின் ஒவ்வொரு கல்லுக்கும் முதுகு முழுக்க அரை அங்குலம் கலவை தடவி, சுவரில் வைத்து அழுத்தி, லேசாக ஆட்டி, நாலு ஓரத்திலும் கலவை பிதுங்கி வரும்வரை விடவில்லை. கிரைண்டரில் வெட்டிய ஓரம் கண் மட்டத்துக்கு மேலே வரும் கல்லில் மேல்பக்கமாகவும், கீழே வரும் கல்லில் கீழ்ப்பக்கமாகவும் திரும்பியிருக்கும்படி வைத்தார். அந்தச் சாம்பல் நிறம் யார் கண்ணிலும் படாது. இந்தச் சரக்கை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறார்.

பிராம்ப்டன் கேஸ் வீடு:

என் பிரச்சினை வேறு. எங்களுடையது கேஸ் ஃபயர்பிளேஸ். கல் பதித்ததும் சுவர் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் முன்னே வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி ஒரு நூல்கூட இடைவெளி இல்லாமல் கல் வைத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு, வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த நவம்பரில் பைலட் (அடுப்பைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்) பற்றவில்லை. உரிமம் உள்ள கேஸ் டெக்னீஷியன் வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணாடியின் கீழே விரலை விட்டுப் பார்த்தார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தொடவே முடியவில்லை, கல் மறைத்துவிட்டது. எழுந்து பையை மூடினார். "கண்ணாடி கழன்றால்தான் உள்ளே கை வைக்க முடியும்." வெளியே மைனஸ் பதினெட்டு. அன்று இரவே உளி வைத்து நானே ஏழு கல்லை உடைத்தேன்.

கேஸ் வைத்திருப்பவர்கள் கல் வாங்குவதற்கு முன் அந்த அடுப்போடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும், எந்தக் காற்றுத் துளையை மூடக்கூடாது என்று அதில் இருக்கும்.

மிசிசாகா மாமா:

என் கதை சின்னது. கலவை கொஞ்சம் கல்லின் முகத்தில் பட்டுவிட்டது. அழுக்காகத் தெரிகிறதே என்று ஈரப் பஞ்சால் துடைத்தேன். சிமென்ட் தண்ணீர் கல்லின் சொரசொரப்பில் இறங்கி வெள்ளைப் படலமாகக் காய்ந்துவிட்டது. இன்றுவரை விளக்கைப் போட்டால் அந்த நாலு கல்லும் மட்டும் தனியாகத் தெரிகிறது.

எடிசன் தங்கச்சி, அப்பாவின் கைக்கு என் மரியாதை. ஆனால் "வலை இல்லாமல் நின்றது" என்று சொன்னால் படிக்கிற நாலு பேர் பெயின்ட் மேலேயே ஒட்டுவார்கள். உங்களுடையது பெயின்ட் படாத செங்கல்லா இல்லையா என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. பெயின்ட், சீலர் (ஈரம் இறங்காமல் அடிக்கும் பூச்சு), வழவழப்பான ஓடு எது இருந்தாலும் கலவைக்குப் பிடிமானம் கிடையாது. மேலே கால்வனைஸ்டு கம்பி வலையை, கான்கிரீட் ஆணியோ திருகோ போட்டுச் செங்கல்லிலேயே அடிக்க வேண்டும். வலையைக் கையால் தடவினால் மேலிருந்து கீழே போகும்போது சொரசொரப்பாகவும் கீழிருந்து மேலே போகும்போது வழவழப்பாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அதன் கண்கள் கிண்ணம் போல மேல்நோக்கி நின்று கலவையைத் தாங்கும். ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு ஒரு அங்குலமாவது ஏறி இருக்கட்டும். அதன் மேல் அரை அங்குலப் பூச்சு, ஈரம் போவதற்குள் சீப்புக் கரண்டியால் படுக்கைக் கோடு கீறுங்கள். அது இறுகிய பிறகுதான் கல்.

அப்புறம், ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக ஒட்டாதீர்கள். மூன்று நாலு பெட்டியைத் திறந்து தரையில் பரப்பி, நிறத்தையும் அளவையும் கலந்து பாருங்கள். மூலைக் கல்லை முதலில் வையுங்கள், நீளப் பக்கம் ஒரு முறை இடது, ஒரு முறை வலது. முகத்தில் கலவை பட்டால் தொடாதீர்கள். உதிரும் பதம் வரும்வரை பொறுத்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போய்விடும். ஆசிட் பக்கமே போகாதீர்கள், சாயத்தைத் தின்றுவிடும். வெட்டும்போது வெளியே வைத்து, முகமூடி போட்டு வெட்டுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது.

எடிசன் மகள்:

மாமா, பெயின்ட் படாத செங்கல்தான். கரிப்புகையை அப்பா கம்பி பிரஷ் போட்டு இரண்டு நாள் தேய்த்தார். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தவறுதான். ஆனால் சுத்தமான செங்கல்லுக்கும் வலை கட்டாயம் என்பது போல எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கால்கரி:

கல்லை எல்லாரும் பார்க்கிறீர்கள், அடுப்புக்கு மேலே மாட்டும் மரப் பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. கல் பதித்து முடித்த கையோடு பழைய களஞ்சியத்து மர உத்தரம் ஒன்றை அடுப்பின் வாய்க்கு நேர் மேலே, ஏழு அங்குலத்தில் மாட்டினோம். எங்களுடையது விறகு அடுப்பு. மூன்றாவது நாள் வீட்டில் பால் அடிப்பிடித்த மாதிரி ஒரு மணம். கையை அடியில் வைத்தால் மரம் சுடுகிறது, விரலில் பழுப்பாகப் பிசுபிசுப்பு. வாயைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குள் எரியக்கூடியது எதுவும் கூடாது. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் துருத்தி நிற்கும் மரமென்றால் வாய்க்கு மேலே பன்னிரண்டு அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து டேப் பிடித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஸ்கார்பரோ அண்ணா, உங்கள் பதிவில் அந்தப் பச்சைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் குழந்தைகளுக்கு விஷமான ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். உங்கள் வீடு அதற்கு முந்தியது, பச்சைதான் செங்கல்லை ஒட்டிய முதல் பூச்சு. மகள் இருக்கும் வீட்டில் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ செய்யாதீர்கள். முதலில் ஒரு சில்லை லேபுக்கு அனுப்புங்கள்.

ஸ்கார்பரோ அப்பா:

நன்றி தங்கச்சி. ஈயம் என் மனதில் வரவே இல்லை. விழுந்த கல்லைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன், அதிலிருந்தே சில்லு அனுப்புகிறேன்.

நேற்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன். நன்றாகப் பிடித்த கல் 'டக்' என்கிறது, பிடிப்பு விட்டது 'டொக்' என்று வெறும் பானை போலக் கேட்கிறது. டொக் என்றதில் எல்லாம் நீல டேப் ஒட்டினேன். முப்பத்தொன்று. பெரும்பாலும் வாய்க்கு மேலே, சூடு படும் இடத்தில். ரிசல்ட் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வலை அடித்துத் தொடங்கப் போகிறோம். அதுவரை மேடைக்குக் குறுக்கே சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டிருக்கிறேன். மகள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஹீட்டரில் குளிர்காய்கிறாள்.