முதலில் காது, அப்புறம் இடுப்பு

கணவரின் வேலைக்காகச் சில வருஷம் கெய்ரோவில் இருந்தோம். பெல்லி டான்ஸை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். அங்கே அதற்கு ரக்ஸ் ஷர்கி என்று பெயர். சின்ன வயதிலிருந்து பரதம் ஆடியவள் என்று தெரிந்ததும் ஆசிரியை என்னை ஆடவே விடவில்லை. உடம்பு எப்படியும் பழகிவிடும், காதுதான் பழக வேண்டும் என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிட்டார். தொடையில் தட்டிக்கொண்டே தாளத்தை வாயால் சொல்ல வேண்டும். மேளத் தோலின் நடுவில் விழும் கனமான அடி தும், விளிம்பில் விழும் கூர்மையான அடி தெக். சொல்லுக்கட்டு சொல்லி வளர்ந்தவளுக்கு இது சொந்த வீடு மாதிரி இருந்தது.

மக்ஸூம் என்ற தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தும் தெக், தெக் தும், தெக். அதில் இரண்டாவது அடியை மட்டும் தும் ஆக்கினால் பலதி, கெய்ரோவின் பழைய குடியிருப்புத் தெருக்களின் நடை. மூன்றாவது அடியை மட்டும் தும் ஆக்கினால் ஸயீதி, தெற்கே லக்ஸர், கெனா பக்கத்து மண். ஓர் அடி மாறியதும் ஊர் மாறுகிறது, நிற்கிற விதம் மாறுகிறது, பாதம் தரையில் ஊன்றும் கனம் மாறுகிறது. ஸயீதி ஒலித்தால் நம் நாகஸ்வரம் மாதிரியான மிஸ்மார் வரும், கையில் தடி வரும். அந்தத் தடியாட்டத்துக்குப் பின்னால் ஆண்களின் தஹ்தீப் என்ற தடிவிளையாட்டு இருக்கிறது, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இது எதுவும் தெரியாமல் தடியைச் சுழற்றக் கற்றுக்கொள்ளலாம்தான், ஆனால் எதை ஆடுகிறோம் என்றே தெரியாமல் ஆடிக்கொண்டிருப்போம்.

முகமது அலி தெருவில் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. ஒரு நாள் ஆசிரியையோடு தப்லா வாங்கப் போனேன் (நம் தபலா ஜோடி இல்லை, கோப்பை வடிவத்தில் ஒரே ஒரு முகம்). இப்போது பெரும்பாலும் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தோலும்தான். கடைக்காரப் பெரியவர் உள்ளிருந்து ஒரு பழைய மண் தப்லாவை எடுத்து வந்தார், மீன் தோல் கட்டியது. ஈரத்தில் தளர்ந்திருந்த தோலை எரியும் குண்டு பல்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்து, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி பிடித்து, அப்புறம்தான் வாசித்தார். நான் ஆடக் கற்கிறேன் என்று கேள்விப்பட்டதும் திடீர் திடீரென்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அவர் நிறுத்தும்போது என் தோளும் நிற்கிறதா என்றுதான் பார்த்தார், இடுப்பைப் பார்க்கவே இல்லை. தக்ஸீம் வரும்போது, அதாவது தாளம் ஒதுங்கி நே என்ற நாணல் குழலோ, ஊத், கானூன் என்ற தந்தி வாத்தியங்களில் ஒன்றோ தனியாகப் பேசும்போது, அவசரப்படாமல் நிற்கத் தெரிந்தவர்கள்தான் நல்ல நடனக்காரிகள் என்றார். நம் ராகங்கள் மாதிரி அங்கே மகாம்கள். பயாத்தி, ராஸ்த் என்ற மகாம்களில் ஹார்மோனியக் கட்டைகளுக்கு நடுவே விழுகிற ஸ்வரங்கள் இருக்கின்றன. அவற்றைக் காது பிடிக்காதவரை உடம்பு என்ன செய்தாலும் அது உடற்பயிற்சிதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மருதாணி இரவுக்கும் போயிருக்கிறேன். பெண்கள் மட்டும். பாட்டி எழுந்து இடுப்பில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு நகராமல் மெல்ல ஆடினார், வீடே கைதட்டிக் குலவை இட்டது. அதே வீட்டு அம்மாதான் மறுநாள், என் மகள் இதைத் தொழிலாக எடுத்தால் நான் தாங்க மாட்டேன் என்று சொன்னார். அந்த இரண்டுமே உண்மை. ஆட்டத்தின் மேல் கொள்ளை ஆசை, ஆடிப் பிழைப்பவள் மேல் ஏளனம். 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா கவாஸி என்ற தொழில்முறை நடனப் பெண்களைக் கெய்ரோவை விட்டுத் தெற்கே துரத்தினார். 1926இல் பதியா மஸாப்னி என்ற நடனக்காரி கெய்ரோவில் தன் அரங்கைத் திறந்தார், பின்னால் பெரும் நட்சத்திரங்களான தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் அவரிடமிருந்து வந்தவர்கள்தான். சதிர் ஆடியவர்களுக்கு என்ன நடந்தது, 1947இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது, ஆட்டம் மேடைக்கு மேடை கொண்டாடப்பட்டது, அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது துபாயில் சொல்லித் தருகிறேன். ஒரு மாணவி நெட்டில் கிடைத்த ரீமிக்ஸை நிகழ்ச்சிக்காகக் கொண்டு வந்தாள், பீட் பிரமாதம். நடுவில் பின்னணியில் பாங்கு ஒலி கலந்திருந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். தொழுகைக்கு அழைக்கும் குரலுக்கு இடுப்பை ஆட்டினால் அந்தக் கூட்டத்தில் ஒரு அரபிக்காரர் இருந்தாலும் அவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவளே வேறு பாட்டுத் தேடிக்கொண்டாள். கூந்தலைச் சுழற்றும் ஸார் ஆட்டத்தை ஆசையாகக் கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: அது, உடம்பில் புகுந்துவிட்டதாக நம்பும் ஆவியைச் சாந்தப்படுத்தும் சடங்கு, நோயும் துயரமும் உள்ள பெண்கள் கூடும் இடம். மேடைக்கு எடுத்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டு ஆடுங்கள்.

ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் போஸ்டரில் 'அரேபிய மோகினி' என்று போட்டிருந்தார். அதை எடுக்காவிட்டால் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். கடுப்பானார், ஆனால் மாற்றினார். எகிப்திய நடனம் என்று போட்டு, கீழே பாடியவர், இசையமைத்தவர் பெயரையும் சேர்க்க வைத்தேன்.

வகுப்பில் புதுப் பாட்டு என்றால் வார்த்தைகளின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அசைவும் கிடையாது. அரபி தெரிந்த தோழியிடம் வரிவரியாகக் கேட்டு எழுதி வைக்கிறோம். பிரிவுத் துயரப் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஆடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எகிப்தின் மாபெரும் பாடகி உம் குல்தூமின் பாட்டை முதல் வகுப்பிலேயே கேட்பவர்கள் உண்டு. கேளுங்கள், தினமும் கேளுங்கள், ஆடுவதற்கு அவசரம் வேண்டாம் என்பேன். ஆரம்பிக்கிறவர்கள் மக்ஸூம் ஒன்றையே கை தட்டித் தட்டிக் கேளுங்கள், தஹியா கரியோக்காவின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளைப் பாருங்கள். எவ்வளவு குறைவாக அசைகிறார் என்று கவனியுங்கள்.