இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவை நடக்க வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறார். காலையில் சமையல் முடிந்தபின் நடக்கத் தெம்பில்லை என்கிறார். முழங்கால் வலி வேறு. இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியில் நடந்தால் பலன் உண்டா?

பதில் 1: தாராளமாக. சாப்பிட்ட பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அப்போது நடந்தால், தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே நல்லது. ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் கல் குத்தினாலும் தெரியாது. என் அப்பாவுக்குப் புண்ணான பிறகுதான் தெரிந்தது.

பதில் 2: நடை மட்டும் போதாதுங்க. வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். தொடைத் தசை வலுத்தால் முழங்கால் வலியும் குறையும்.

கேட்டவர்: அவரால் ஊன்றாமல் எழ முடியாதே?

பதில் 2: சரி, முதலில் ஊன்றியே எழட்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகராது. அப்புறம், பின்னால் இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ சேர்த்தால், நடைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்; சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.