சிவில் ஜூரி: 12 பேரில் 9 பேர் என்றால், எந்த 9 பேர்?

தென்றல்:
கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்திலிருந்து ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்து வழக்கைத் தீர்மானிக்க வைக்கும் குழு) சம்மன் வந்திருக்கிறது. கிரிமினல் வழக்கில் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும், சிவிலில் 9 பேர் போதும் என்கிறார்கள். தீர்ப்புப் படிவத்தில் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றவர் அடுத்த கேள்விக்கு ஓட்டுப் போடலாமா? நஷ்டஈட்டில் ஆளுக்கொரு தொகை சொன்னால் சராசரி எடுத்துவிடலாமா?

நடுவன்:
போடலாம், போடவும் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 9 பேர் வேண்டும். எல்லாக் கேள்விக்கும் அதே 9 பேராக இருக்க வேண்டியதில்லை.

கார் விபத்து வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புப் படிவம் ஏறக்குறைய இப்படிப் போகும்: பிரதிவாதி அஜாக்கிரதையாக இருந்தாரா? வாதியின் பாதிப்புக்கு அது முக்கியக் காரணமா? நஷ்டம் எவ்வளவு? வாதி மீதும் தவறு உண்டா, உண்டென்றால் யாருக்கு எத்தனை சதவீதம்? முதல் கேள்விக்கே 9 பேர் ‘இல்லை’ என்றால் அதோடு நிறுத்திக் கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்திலேயே இருக்கும். ‘ஆம்’ என்று போனால், தோற்ற 3 பேரும் மற்றக் கேள்விகளில் முழு உரிமையோடு பேசி ஓட்டுப் போடுவார்கள். “நீ அப்பவே இல்லைன்னுட்டே, இனி சும்மா இரு” என்று ஓரங்கட்டுவதுதான் அந்த அறையில் அடிக்கடி நடக்கிற தப்பு.

எந்தக் கேள்விக்கு என்ன சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். தீர்ப்பை வாசித்த பிறகு, வழக்கின் ஒரு தரப்பு கேட்டால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். ஏதாவது ஒரு கேள்விக்கு 9 தேறவில்லையென்றால் மறுபடி உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

கணக்கன்:
சராசரி விஷயத்தில் கவனம். “எல்லாரும் ஒரு தொகை எழுதுவோம், கூட்டி 12-ஆல் வகுத்தால் வருவதுதான் தீர்ப்பு” என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது முறைகேடு. தீர்ப்பே செல்லாமல் போகலாம். பேச்சைத் தொடங்குவதற்காகச் சராசரி பார்த்துவிட்டு, பிறகு அந்த எண்ணை விவாதித்துப் புதிதாக ஓட்டெடுப்பதில் தவறில்லை.

அதைவிடப் பெரிய பள்ளம் சதவீதம். மொத்த நஷ்டம் 1,00,000 டாலர், வாதி மீது 30% தவறு என்று முடிவானால் படிவத்தில் முழு 1,00,000 தான் எழுத வேண்டும். கழிப்பது நீதிபதி வேலை. நல்லெண்ணத்தில் நீங்களே 70,000 என்று போட்டால் அவர் அதிலும் 30% கழிப்பார், வாதி கையில் 49,000 தான் மிஞ்சும். வக்கீல் ஃபீஸுக்காகக் கூட்டுவதும், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று யோசிப்பதும் கூடாது.

தென்றல்:
நன்றி. இரு பக்கமும் சமமாகத் தோன்றினால்?

நடுவன்:
வாதி தோற்றார். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ‘உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்குத் தராசு கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஆனால் சாய்ந்தே ஆக வேண்டும். தண்டனை நஷ்டஈடு (பிரதிவாதியைத் தண்டிப்பதற்கான கூடுதல் தொகை) கேட்டிருந்தால் மட்டும் அளவுகோல் உயரும். தீய நோக்கம், கொடுமை, மோசடி இவற்றில் ஒன்றைத் தெள்ளத்தெளிவாகக் காட்ட வேண்டும்.

மணிமாறன்:
சம்மனில் எந்த நீதிமன்றம் என்று இன்னொரு தரம் பாருங்கள். மேலே சொன்ன 9 கணக்கு மாநில நீதிமன்றத்துக்கு. அதே ஊரில் இருக்கும் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் சிவில் ஜூரி 6 முதல் 12 பேர். வழக்கின் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். ஜூரிக்குத் தரும் தினப்படியும் வேறு: மாநிலத்தில் நாளுக்கு 15 டாலர், அதுவும் இரண்டாம் நாளிலிருந்து, ஃபெடரலில் முதல் நாளிலிருந்தே 50.

கிரீன் கார்டு, எச்1பி-யில் இருப்பவருக்குச் சம்மன் வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். குடிமகன் இல்லை என்று குறித்துப் பதில் அனுப்பினால் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: தேர்வான பிறகு இங்கே வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். விபத்து நடந்த சந்திப்பை ஃபோனில் மேப் போட்டுப் பார்ப்பதும் கூடாது. சாட்சி சொன்னதில் சந்தேகம் வந்தால் எழுதிப் பெய்லிஃபிடம் (நீதிமன்றக் காவலர்) கொடுங்கள், பதிவான சாட்சியத்தை வாசித்துக் காட்டுவார்கள்.