மனைவியின் பூர்வீகம் தேடி மெக்சிகோ போகிறோம், கிளம்புவதற்கு முன்னால் என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்?

வைகைக்கரை:

வணக்கம். நான் சான் ஆன்டோனியோவில் இருக்கிறேன், சொந்த ஊர் மானாமதுரை. மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மெக்சிகோ வம்சாவளி. அவருடைய அம்மாவழிப் பாட்டிக்கு இப்போது 87 வயது. அந்தப் பாட்டியின் அப்பா 1927 வாக்கில் லாரெடோ வழியாக டெக்சாஸுக்குள் வந்தவர். ஸகாத்தேகாஸ் மாநிலத்தில் ஹெரெஸ் பக்கம் ஏதோ ஒரு ராஞ்சோ, அதாவது நாலு வீடும் மாட்டுக்கொட்டகையுமாக ஒரு குக்கிராமம். அதற்கு மேல் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

கையில் இருப்பது ஒரு பிஸ்கட் டின். உள்ளே நாலைந்து படங்கள், அறுந்துபோன ஒரு ஜெபமாலை, கொள்ளுத்தாத்தாவின் டெக்சாஸ் இறப்புச் சான்றிதழ். ஒரு படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை பாதி அழிந்து "ஹெரெஸ், ஸக்." என்ற இடம் மட்டும் தெரிகிறது.

பாட்டி இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. அக்டோபர் கடைசியில் பத்து நாள் லீவு போட்டிருக்கிறோம். நேராக ஹெரெஸ் போய் சர்ச்சில் பழைய ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லிக் கேட்பது என்பதுதான் இப்போதைக்குத் திட்டம், அதைத் திட்டம் என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை. மனைவி ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவார், ஆனால் பழைய கையெழுத்து படிக்க வராது. எனக்கு ஹோட்டலில் சாப்பாடு சொல்லும் அளவுக்கு வரும். இந்தியப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இதற்கு மெக்சிகோ விசா வேண்டுமா? போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். (பெயர்களைப் பொதுவில் போட மனைவிக்கு விருப்பமில்லை, மன்னிக்கவும்.)

மொளகாப்பொடி:

விசா வேண்டாம், கிரீன் கார்டும் பாஸ்போர்ட்டும் போதும். அது சின்ன விஷயம்.

ஆனால் தயவுசெய்து நேராகப் போகாதீர்கள், நாங்கள் அப்படித்தான் போய் முட்டிக்கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரரின் குடும்பம் ஹலிஸ்கோ மாநிலத்து மேட்டுப்பகுதி. திங்கட்கிழமை காலையில் போய் நின்றால் பங்கு அலுவலகத்துக்கு, அதாவது அந்த வட்டாரத்துச் சர்ச் ஆபீசுக்கு, அன்று விடுமுறை. செவ்வாய்க்கிழமை போனால் சாமியார் பக்கத்துக் கிராமத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார், அவர் வாயால் சொல்லாமல் காட்ட முடியாது என்று அங்கிருந்த அம்மா சொல்லிவிட்டார். புதன்கிழமை ஒருவழியாகப் புத்தகம் வெளியே வந்தது. பின்னால் இருக்கும் அட்டவணை குடும்பப்பெயர் வரிசையில் இல்லை, ஞானஸ்நானப் பெயர் வரிசையில் இருக்கிறது. ஹோசே என்ற தலைப்பில் மட்டும் பதினோரு பக்கம்! விரலை வைத்து வரிவரியாக இறங்கி, மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்தோம். ஊருக்குத் திரும்பி ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் தளத்தைத் திறந்தால் அதே புத்தகம், அதே பக்கம், ஓரத்தில் இருந்த மைக்கறை உட்பட, இலவசமாக இருக்கிறது. வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை, டிக்கெட் போட்டது நான்.

மெக்சிகோ பங்குப் புத்தகங்களையும் அரசுப் பதிவேடுகளையும் அந்தத் தளத்துக்காரர்கள் 1950களிலிருந்தே மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி இப்போது இணையத்தில். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, அவர்களுடைய மையத்துக்கோ அவர்களோடு இணைந்த நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அதற்கெல்லாம் பஞ்சமில்லை. விமானம் ஏறுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

பழையசுவடி:

தம்பி, முதலில் அந்த இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். டெக்சாஸ் சான்றிதழில் அப்பா பெயரோடு அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. மெக்சிகோவில் ஒருவருக்கு ரெண்டு குடும்பப்பெயர், முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது, கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை விடுவதில்லை. அமெரிக்காவுக்குள் வந்ததும் எழுத்தர்கள் ரெண்டாவதை வெட்டிவிடுவார்கள். அந்த ரெண்டாவது பெயர் இல்லாமல் ஹெரெஸ் பக்கம் போய்த் தேடுவது, மதுரையில் போய் "முருகனின் மகன் செந்தில்" என்று தேடுவது போலத்தான். ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டத்தில் உள்ளதைச் சொன்னது துக்கத்தில் இருந்த யாரோ ஒரு பிள்ளை, பாதி நேரம் தப்பாக இருக்கும்.

அடுத்தது, கொள்ளுத்தாத்தா எங்கே கல்யாணம் செய்தார்? சான் ஆன்டோனியோவில் கத்தோலிக்கக் கோவிலில் என்றால், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் பதில் இருக்கலாம். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். 1908க்குப் பிறகு திருச்சபை வைத்த விதிப்படி, கல்யாணம் செய்துவைத்த சாமியார் பிறந்த ஊர்ப் பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு ஏறும். அப்படி "சான் ஆன்டோனியோ, தெக்ஸாஸ்" என்று ஓரத்தில் எழுதியிருந்தால், அதே பெயரில் இன்னும் பத்துப் பேர் இருந்தாலும் நம்ம ஆள் இவர்தான் என்று சந்தேகமே இல்லாமல் சொல்லிவிடலாம்.

லாரெடோ எல்லைச் சீட்டுகளும் உண்டு. பிறந்த ஊர், ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயர், உயரம், முகத்தில் தழும்பு வரை எழுதியிருப்பார்கள். 1940இல் குடியுரிமை இல்லாத, 14 வயது தாண்டிய எல்லோரும் அமெரிக்க அரசிடம் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அந்தத் தாளைப் பணம் கட்டிக் கேட்கலாம். மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இன்றைக்கே போடுங்கள், அக்டோபருக்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

சிவில் பதிவை, அதாவது பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசே பதிவதை, அப்போதைய அதிபர் ஹுவாரெஸின் அரசாங்கம் 1859இல் கொண்டுவந்தது, ஊர்ப்பக்கம் ஒழுங்காக நடக்க 1867க்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு வேண்டியவர் 1905ஐ ஒட்டிப் பிறந்திருப்பார், அதனால் அரசுப் பதிவும் இருக்கும், கோவில் பதிவும் இருக்கும். ரெண்டையும் பாருங்கள். அரசுப் பதிவில் அப்பா "ஒரு உயிருள்ள குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்" என்று ஆரம்பித்து ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயரும் வரும், ஒரே தாளில் மூன்று தலைமுறை. இந்தப் பதிவேடு ரெண்டு பிரதியாக எழுதப்பட்டது, ஒன்று ஊரில், மற்றது மாநிலக் காப்பகத்தில். மெக்சிகோ புரட்சியில் எரிந்துபோச்சு என்று ஊர் அலுவலகத்தில் சொன்னால் அதோடு எழுந்து வராதீர்கள்.

1859க்கு முன்னால் போக வேண்டுமானால் முழுக்கவும் கோவில் புத்தகம்தான். அதில் 1822க்கு முந்தியவற்றில் எஸ்பஞோல் (ஸ்பானியர்), மெஸ்திஸோ (ஸ்பானியர், பூர்வகுடி கலப்பு), இந்தியோ (பூர்வகுடி), முலாத்தோ (ஆப்பிரிக்கக் கலப்பு) என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சாதிச் சீட்டு ஒட்டியிருக்கும், சுதந்திரம் வந்ததும் அதை எழுதக்கூடாது என்று ஆணை போட்டார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து இதுதான் நம் ரத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஒரே ஆளுக்கு ஞானஸ்நானத்தில் ஒன்றும் கல்யாணத்தில் வேறொன்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. தேதியில் 7 போட்டு அதன் மேல் "ப்ரே" என்று குட்டியாக இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் (ரோமன் பத்து) போட்டிருந்தால் டிசம்பர். புதிதாக வருகிற எல்லோரும் இதில் விழுவார்கள். ஹெரெஸின் முதல் எழுத்தே பழைய புத்தகங்களில் வேறாக இருக்கும், ஹோத்தாவுக்கு (ஸ்பானிஷில் ஜே எழுத்து) பதில் எக்ஸ்.

வைகைக்கரை:

ஐயா, மிக்க நன்றி, மனைவி இதை எல்லாம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு சந்தேகம், இவ்வளவும் இங்கேயே கிடைக்கும் என்றால் அப்புறம் எதற்குப் போவது?

பழையசுவடி:

இணையத்தில் எல்லாம் வந்துவிடவில்லை தம்பி. ஸகாத்தேகாஸுக்கென்று தனி மறைமாவட்டம் 1863இல்தான் வந்தது, அதுவரை ஹெரெஸ் குவாதலஹாரா பிஷப்பின் கீழ். அதனால் அதற்கு முந்திய கல்யாண விசாரணை, விலக்கு (தடையை மீறிக் கட்ட அனுமதி) ஆவணக் கட்டுகளை குவாதலஹாரா மறைமாவட்டக் காப்பகத்தில் தேட வேண்டும். அங்கே தூரத்துச் சொந்தம் கட்டினாலும் பிஷப்பிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த வழியில் சொந்தம் என்று வம்சக்கொடி வரைந்து காட்ட வேண்டும். நம்மூரில் முறைப்பெண் என்று பந்தல் போட்டுக் கொண்டாடுகிறோம், அங்கே அதையே மன்னிப்புக் கேட்டு மனுவாக எழுதியிருக்கிறார்கள். அதனால் நமக்கு லாபம், நாலு தலைமுறை ஒரே தாளில் வரைபடமாகக் கிடைக்கும்.

அகாவே:

நான் ஐ.டி. வேலையாக ஆறு வருடமாக குவாதலஹாராவில் இருக்கிறேன். காப்பகம் பற்றி எனக்குத் தெரியாது, ஊர் பற்றிச் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசி என்பது அலுவலக வேலைக்கு மோசமான நேரம், ஆட்களைப் பிடிக்க அருமையான நேரம். நவம்பர் 2 இறந்தவர்கள் நாள். வெளியூர் போனவர்கள், சிகாகோ லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கூட, வந்து கல்லறையைக் கழுவி, செம்பசூச்சில் பூ (நம்ம துலுக்கச் சாமந்திதான்) கொட்டி, நாற்காலி போட்டுக் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படத்தை நல்ல தாளில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் போய்க் காட்டுங்கள். ரிஜிஸ்டரில் மூன்று நாள் தேடுவதை ஒரு பெரியம்மா மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் பழைய கல்லறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பல ஊர்களில் சில வருட வாடகைதான், நிரந்தரமாகப் பணம் கட்டாதவர்களின் இடத்தில் அடுத்தவர் வந்துவிடுவார்.

அப்புறம், ஸகாத்தேகாஸ் பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறை மாநிலவாரியாக எச்சரிக்கை போடுகிறது, கிளம்பும் வாரம் ஒருமுறை படித்துவிடுங்கள். பகலில் மட்டும் பயணம், சுங்கம் கட்டும் சாலையில் மட்டும். ராஞ்சோவுக்குத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, "ஹெரெஸ்" என்று உங்கள் குடும்பத்தில் சொல்கிறார்களே, அது சந்தைக்குப் போகும் ஊராக இருக்கலாம். நாம் வெளியூரில் "கும்பகோணம் பக்கம்" என்று சொல்வதில்லையா? சுற்றிலும் சுஸ்திககான், தெபெதோங்கோ என்று வேறு முனிசிபியோக்கள் (நகராட்சி வட்டங்கள்) இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பதிவேடு தனி. ராஞ்சோ பெயர் கிடைத்தால் இனெஹி என்ற புள்ளிவிவர நிறுவனத்தின் ஊர்ப்பெயர் வரலாற்றுப் பட்டியலில் போட்டுப் பாருங்கள், பெயர் மாறியிருந்தாலும் காட்டும்.

மொளகாப்பொடி:

தேங்காய் பர்ஃபி எடுத்துப் போங்கள்! அங்கே கொகாதா என்று கிட்டத்தட்ட அதையே செய்கிறார்கள். அந்தப் பங்கு அலுவலக அம்மா என்னிடம் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

வைகைக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழையசுவடி ஐயா சொன்னபடி இங்கே கல்யாணம் நடந்த கோவிலில் கேட்டோம், ஒரு வாரத்தில் பிரதி கொடுத்தார்கள். 1932இல் கல்யாணம். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற இடம் ஹெரெஸ் இல்லை, தெபெதோங்கோ! அந்த ஊர்ப் புத்தகத்தை ஃபேமிலிசர்ச்சில் பக்கம் பக்கமாகத் தள்ளி, 1904 செப்டம்பரில் (7ப்ரே!) ஆளைப் பிடித்துவிட்டோம். ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை, ஆனால் அம்மாவின் குடும்பப்பெயர் இறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறது, ராஞ்சோ பெயரும் இருக்கிறது.

அதே இரவு பாட்டிக்குப் போன் போட்டு, "உங்கள் அப்பா ஹெரெஸ் இல்லையாம், தெபெதோங்கோவாம்" என்று மனைவி சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதைத்தானே நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள்தான் ஹெரெஸ் ஹெரெஸ் என்று எழுதிக்கொண்டீர்கள், படம் எடுக்கத்தான் அவர்கள் ஹெரெஸ் போவார்கள்" என்றார்.