லெண்ட் பயிற்சி முடித்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

வணக்கம். அமெரிக்காவில் பேச்சுச் சிகிச்சையாளராக இருக்கிறேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு பணிபுரிவோருக்கான லெண்ட் (LEND) என்ற தலைமைத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணம். நீண்டகாலப் பிரிவென்றால் குறைந்தது 300 மணி நேரம். மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து பயில்கிறார்கள். பெற்றோரும் குறைபாடு உள்ளவர்களும்கூட உடன் பயிலலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் கிளினிக்கில் ஒரே சிறுவனுக்கு மூன்று துறையினர் தனித்தனியாக எழுதிய மூன்று அறிக்கைகள், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அவன் அம்மாதான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைகிறார்.

வேலையை விடாமல் இதை முடித்தவர்கள் உண்டா? வாரத்தில் எத்தனை நாள் போக வேண்டியிருந்தது? உதவித்தொகை கிடைத்ததா? விண்ணப்பக் கட்டுரையில் எதை அழுத்திச் சொன்னீர்கள்? பயிற்சிக் கையேட்டில் இருப்பதையெல்லாம் படித்தாயிற்று. உங்கள் அனுபவம்தான் வேண்டும்.