புதுப்பிப்பு: பாலத்திலிருந்து பூதங்கள் எவ்வளவு தூரம்?

போன வாரம் கேட்டிருந்தேன்: டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலில் ஆற்றுப் பாலம் தாண்டிய அன்று ராத்திரியே கதாநாயகன் பில்போவின் கூட்டம் பூதங்கள் மூட்டிய தீயைப் பார்த்துவிடுகிறது. அதன் தொடர்ச்சியான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஸில் பில்போவின் உறவுக்காரன் ஃப்ரோடோ அதே பாலத்தைத் தாண்டுவது அக்டோபர் 13. கல்லாகிப்போன அதே பூதங்களைப் பார்ப்பது 18. ஏன் இப்படி?

அல்சூர் வீட்டுத் தரையில் கதையின் வரைபடத்தை விரித்து, அம்மாவின் தையல் நூலைச் சாலை மேல் வளைத்து அளந்தேன். ஃப்ரோடோ சாலையை விட்டு மலைக்குள் சுற்றினான், சரி, அதில் நாள் கூடும். ஆனால் நேர்வழியிலும் அது ஒரு ராத்திரித் தூரம் இல்லவே இல்லை.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. 'தி ஹாபிட்'டின் 1937 முதல் பதிப்பில் அந்தப் பாலமே கிடையாது! டோல்கீன் 1966 திருத்தத்தில்தான் சேர்த்தார். இரண்டு கதைகளையும் இணைக்க வைத்த பாலமே முரண்பாட்டை வெளிச்சம் போட்டுவிட்டது.